தம்பியின் பாலாடை

வாசலில் ஜீப் இரண்டாவது முறை ஹார்ன் அடிக்கிறது. மங்கம்மாளின் மாமனார் கருப்பன் பத்து நாளாக எழுந்திருக்காத பாயின்மேல் காலை வெயில் பட்டை பட்டையாக விழுகிறது. இனி மருந்து வேண்டாம் என்று போளூர் டாக்டர் சொல்லிவிட்டார். "எல்லாம் முடியறவரிக்கும் பொண்ணு எங்கூட புதூர்நாட்ல இருக்கட்டும் மங்கா. பாத்தா பயந்துக்கும்," என்று அக்கா சாந்தம்மாள் அவசரப்படுத்துகிறாள். மங்கம்மாள் ஆறு வயது மகள் காவேரியின் கையில் பாலாடையைக் கொடுக்கிறாள். தொட்டிலில் கிடக்கும் தம்பிக்குக் காவேரி தினமும் பால் புகட்டும் பாலாடைதான். இப்போது அதில் சாமைக் கஞ்சியின் தெளிவு. "தாத்தா செத்துப்பூடுவாராம்மா?" "ஆமா கண்ணு." "எப்போ?" "தெர்ல. இப்ப தாகமா கீறாரு, ஊத்து." காவேரி குந்தி உட்கார்ந்து, பாலாடையின் மூக்கை அவர் உதட்டோரம் வைத்துச் சாய்க்கிறாள். கஞ்சி கடைவாயில் வழிந்து நரைத்த தாடிக்குள் இறங்குகிறது. சாந்தம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சிறுமி பதறவில்லை. பாவாடை நுனியால் துடைத்துவிட்டு, தம்பிக்குச் செய்கிற மாதிரியே ஒற்றை விரலால் தொண்டையை மேலிருந்து கீழே நீவுகிறாள். குரல்வளை மெதுவாக ஏறி இறங்குகிறது. "முழுங்கிட்டாரு!" வெளியே ஹார்ன் மறுபடி அலறுகிறது. "நீ கெளம்புக்கா. இவ இங்கியே இருக்கட்டும்," என்கிறாள் மங்கம்மாள். பாலாடை காலியானதும் காவேரிக்கு ஒரு சந்தேகம் வருகிறது. "தாத்தாவ யாரும்மா தோள்ல போட்டுத் தட்றது?" மங்கம்மாள் பாயில் உட்கார்ந்து, கிழவரை மெல்லத் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொள்கிறாள். "நான் புடிச்சிக்கிறேன். நீ தட்டு."