மூன்றாவது க்யூப்

கான்கிரீட் க்யூபைத் தூக்கி, அழுத்தி உடைத்துப் பார்க்கும் எந்திரத்தின் நடுவில் வைத்தாள்.

துணியால் துடைத்த பிறகும் அதன் விளிம்புகளில் தொட்டித் தண்ணீரின் குளிர் இருந்தது.

மேல்தட்டை இறக்கினாள். தட்டு க்யூபைத் தொட்டது.

இனி வால்வைத் திறந்து சுமையை ஏற்ற வேண்டியதுதான்.

சிமென்ட்டில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் கரும்புச் சக்கையின் சாம்பலைப் போட்டுப் பார்க்கலாம் என்பது அவளுடைய யோசனை. பேராசிரியர் தலையசைத்ததோடு சரி. ஆலைக்குப் போய் மூட்டை கட்டியது, சலித்தது, கலந்தது, வார்த்தது, ஒரு மாதம் தண்ணீரில் ஊறவிட்டுக் காத்திருந்தது எல்லாம் அவள்தான்.

இரண்டு க்யூபுகளை உடைத்தாயிற்று. ஒன்று வேண்டிய சுமையைத் தாங்கியது. ஒன்று தாங்கவில்லை.

இது மூன்றாவது.

இது தாங்கினால் ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டிக்குப் பஸ் ஏறலாம். மகள் அங்கே இருக்கிறாள். மிதுனா. ஐந்து வயது. அப்பா பின்னிவிடும் கோணல் சடையோடு பள்ளிக்குப் போய்வருகிறாள்.

தாங்காவிட்டால் மறுபடியும் வார்க்க வேண்டும். மறுபடியும் ஒரு மாதம்.

எந்திரத்தின் வட்டக் கண்ணாடியில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தாள். முள் அதைத் தாண்ட வேண்டும். அவ்வளவுதான்.

கை வால்வின் மேலேயே இருந்தது.

"என்னக்கா, க்யூபுக்குப் பூசை ஏதும் நடக்குதா?"

செலின். படிப்பில் ஒரு வருடம் மூத்தவள், வயதில் சின்னவள். பக்கத்து மேசையில் மணல் சலித்துக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்கு செலின்."

"எதுக்குப் பயம்? வால்வ நல்லாத் தொறந்து விடுங்க. வேகமா ஏத்துனா முள்ளு தன்னால மேல போயிரும். நான் அப்படித்தான் முடிச்சேன். யாரு வந்து பாக்கப்போறா?"

யாரும் பார்க்கப்போவதில்லை. ஆய்வேட்டைக்கூட யாரும் படிக்கப்போவதில்லை. அது அவளுக்குத் தெரியும்.

செலின் சொன்னதிலும் பொய்யில்லை. சுமையை மெதுவாக ஏற்ற வேண்டும் என்பது விதி. மெதுவாக ஏற்றினால் க்யூபுக்குள் எங்கோ ஒரு மயிரிழை விரிசல் பிறக்கும். நகரும். இன்னொரு விரிசலைத் தேடிப் பிடிக்கும். வேகமாக ஏற்றினால் அதற்கெல்லாம் நேரம் இருக்காது. இருக்கிற பலத்தைவிடக் கொஞ்சம் கூட்டியே முள் சொல்லும்.

கொஞ்சம் போதும்.

திறந்தாள். வேண்டியதைவிட அதிகமாக.

முள் துள்ளிக்கொண்டு ஓடியது.

படிக்கக் கிளம்பிய அன்று கோவில்பட்டி பஸ் நிலையத்திலும் இப்படித்தான். பிள்ளையைக் கணவன் தோளுக்கு மாற்றிய கையோடு திரும்பி நடந்தாள். ஏறினாள். உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். பஸ் கிளம்பியது. பிள்ளை அழவில்லை. இவளும் அழவில்லை. பரவாயில்லையே, தைரியமான பொம்பளைதான் என்று நாத்தனார் பிறகு போனில் சொன்னாள்.

சாத்தூர் தாண்டுவதற்குள், இவள் அழுகையைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரி தண்ணீர் பாட்டிலை நீட்டும்படி ஆகியிருந்தது.

வால்வைத் திருகிக் குறைத்தாள்.

"ஐயோ அக்கா!" என்றாள் செலின்.

முள் நிதானத்துக்கு வந்தது. இப்போது அது போவதே தெரியவில்லை. கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால்தான் நகர்ந்திருந்தது.

எந்திரத்துக்குள் எண்ணெய் முனகியது.

க்யூபின் பக்கவாட்டில் ஒரு செதில் பெயர்ந்து விழுந்தது.

கோட்டுக்கு ஒரு விரற்கடை இருந்தது. பிறகு அரை விரற்கடை. தன் தோள்கள் இரண்டும் மேலேறி இறுகியிருப்பதை அப்போதுதான் கவனித்தாள். அவளும் சேர்ந்து தாங்கிக்கொண்டிருந்தாள்.

தாங்கு.

இன்னும் கொஞ்சம்.

டப்.

கறுப்பு முள் சரிந்து பூஜ்யத்துக்குத் திரும்பியது. அதோடு சேர்ந்து ஏறிய சிவப்பு முள் மட்டும் எட்டிய உயரத்திலேயே நின்றது.

கோட்டுக்குக் கீழே. ஒரு நெல்மணி அளவு கீழே.

செலின் வந்து எட்டிப் பார்த்தாள். பிரஷை எடுத்துத் தட்டில் கிடந்த தூளைக் கூட்ட ஆரம்பித்தாள். அவள் கூட்ட வேண்டிய தூள் அல்ல அது.

போன் அடித்தது. கணவன் எண். பேசியது மிதுனா.

"அம்மா, கல்லு உடைஞ்சிருச்சா?"

"உடைஞ்சிருச்சுடா."

"ஐ! அப்பா, கல்லு உடைஞ்சிருச்சாம்! அம்மா வாராளாம்!"

கல் உடைந்ததும் வந்துவிடுகிறேன் என்று போன வாரம் சொன்னது அவள்தான். எப்படி உடைய வேண்டும் என்று சொல்லியிருக்கவில்லை.

"இல்லடா தங்கம். இந்தக் கல்லு சரியா வரல. அம்மா வேற கல்லு செய்யணும். அது உடைஞ்சதும் வந்துருவேன்."



அழப்போகிறாள் என்று காத்திருந்தாள். மிதுனா அழவில்லை. எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு போனை வாயோடு ஒட்டிவைத்து, அப்பாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"அம்மா... இந்தத் தடவ ரொம்பக் கெட்டியாச் செஞ்சிராத, என்ன?"