பின்னறைச் சுவரில் மலைகள்

கொத்தனார் சாந்துச் சட்டியையும் கரண்டியையும் வாசலில் இறக்கி வைத்தபோதே ஓவியர் ஓடிப்போய்ப் பின்னறைக் கதவைச் சாத்தினார்.

வீட்டு ஓனர் அனுப்பினாராம். பின்னறைச் சுவரில் இறங்குகிற ஈரம் பக்கத்துப் போர்ஷன் வரைக்கும் போய்விட்டதாம். இன்றைக்கே மொட்டைமாடி விரிசலை அடைத்து, சுவரைச் சுரண்டி, வெள்ளையடித்துவிட்டுத்தான் வர வேண்டுமாம்.

ஓவியரின் பிழைப்பே அந்தச் சுவரில்தான் இருந்தது.

இருபது வருடமாக இயற்கைக் காட்சிகள் வரைகிறார். மலை, மூடுபனி, நடுவே நெளிந்து போகும் ஒரு ஆறு. இதெல்லாம் எங்கிருந்து தோன்றுகிறது என்று பேட்டி எடுப்பவர்கள் கேட்டால், விடியற்காலையில் காடுமேடெல்லாம் அலைவேன் என்று கூசாமல் அளந்துவிடுவார்.

உண்மையில் நாலு படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கும். ஒரே ஒரு தடவை மலைக்குப் போனார். பஸ்ஸில் எடுத்த வாந்தியோடு அந்த ஆசையும் தீர்ந்தது.

காலையில் காபியைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஈரம் பரவிய இடமெல்லாம் மலைச்சரிவு. பூஞ்சை பிடித்த இடம் காடு. சுண்ணாம்பு உரிந்து விழுந்தால் அங்கே ஒரு பள்ளத்தாக்கு. நேற்றைக்கு இருந்த மாதிரி ஈரம் இன்றைக்கு இருக்காது, அதனால் படத்துக்குப் பஞ்சமே வந்ததில்லை.

இந்த ரகசியம் யாருக்கும் தெரியாது. முக்கியமாக மனைவிக்கு.

அவள் அந்தச் சுவரைக் கரித்துக்கொட்டாத நாளில்லை. பீரோவைத் திறந்தாலே புடவையெல்லாம் நாறுகிறது என்பாள். அவளிடம் எல்லாமே கற்பனை என்று சொல்லி வைத்திருந்தார். ஊரை ஏமாற்றுவது வேறு. கட்டிய மனைவியிடம் போய், என் திறமையெல்லாம் மாடி ஒழுகல்தான் என்று எந்த முகத்தோடு சொல்வது?

அடுத்த மாதம் கண்காட்சி. நாலு படம் பாக்கி. சுவர் போனால் கண்காட்சியும் போச்சு.

நல்லவேளை, மனைவி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். ஓவியர் கொத்தனாரை மாடிப்படியிலேயே மடக்கினார். ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள், சிமென்ட் கிடைக்கவில்லை என்று ஓனரிடம் ஏதாவது சாக்குச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார்.

எதற்கு என்று கொத்தனார் கேட்டார்.

வேறு வழியில்லை. இருபது வருடத்தில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் காதெல்லாம் சூடாகிவிட்டது. வீட்டில் மட்டும் தெரியவே கூடாது, தெரிந்தால் என்னை ஒரு மனுஷனாகவே மதிக்க மாட்டாள் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

கொத்தனார் சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்தார்.

"இதை மூணு வருஷம் முன்னாடியே நான் அடைச்சாச்சு சார். நீங்க வெளியூர் போயிருந்தப்ப, அம்மா சொல்லித்தான். இருபது நாள்ல திரும்பத் தேடிட்டு வந்தாங்க. சுவர் காஞ்சதுலேருந்து அவரும் காஞ்சு போயிட்டாரு, திறந்து விட்டுடுங்கன்னாங்க. ஒழுகலைத் திறந்து விடச் சொன்னவங்க என் சர்வீஸ்லயே அவங்க ஒருத்தங்கதான்."

ஓவியருக்கு அந்த மழைக்காலம் நினைவுக்கு வந்தது. பிரஷ் ஓடாமல், சோறு இறங்காமல் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தார். ஒருநாள் காலையில் பார்த்தால் சுவர் நனைந்திருந்தது. நமக்கு நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டார். அன்றைக்கு மனைவி வழக்கத்தைவிடச் சத்தமாகத்தான் சுவரைத் திட்டினாள்.

வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க ஏதாவது பேச வேண்டுமே என்று, எவ்வளவு பெரிய ஓட்டை போட்டீர்கள் என்று கேட்டார்.

கொத்தனார் சுண்டுவிரல் நுனியைக் காட்டினார்.

"இதுக்கு மேல பெருசா போட்டா ஆத்துல வெள்ளம் வந்து மலையெல்லாம் கரைஞ்சு போயிடும்னு அம்மாதான் அளவு சொன்னாங்க."