தம்ளருக்குள் தெரிந்த வீடு

மூன்றாம் மாடி தணிகாசலம், மகளோடு திரையில் பேசும்போது எவர்சில்வர் தம்ளரில்தான் தண்ணீர் குடிப்பார். எனக்கெப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். நான் எதிர்வீட்டுக்காரி; அவர் வீட்டுக் கதவு சரியாகச் சாத்தாது.

திரையில் அவருக்குப் பின்னால் கலகலவென்று ஒரு வீடு தெரியும். சமையலம்மா நடமாடுவாள், யாரோ கேரம் ஆடுவார்கள். எல்லாம் கணினி ஒட்டவைத்த போலிப் பின்னணி. மனிதர் தனிக்கட்டை என்று தெரிந்தால் மகள் நிகிலா முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவாள்.

நேற்று அவள் அனுப்பிய கண்ணாடித் தம்ளர் வந்து சேர்ந்தது. "இதுலயே குடிங்கப்பா" என்றாள். தூக்கினார். பின்னணி கண்ணாடிக்குள் மட்டும் ஒட்டவில்லை. அங்கே அசல் வீடு தெரிந்தது: வெறும் சுவர், கதவிடுக்கில் என் மூஞ்சி.

"அப்பா, தம்ளருக்குள்ள யாரு?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு ஓடவா முடியும்? உள்ளே போய், "ரசம் வெக்கட்டுமா சார்?" என்றேன்.

"ஓ, புது சமையலம்மாவா!" நிகிலா சிரித்தாள்.

பேச்சு முடிந்ததும் திரையிலிருந்த கூட்டம் அணைந்தது.

"உங்களை வீட்டுல தேட மாட்டாங்களா?" என்றார்.

"தேடாம இருப்பாங்களா?" என்றபடி, என் வீட்டைப் பூட்டிய சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு புளி கரைக்கப் போனேன்.