கணப்படுப்புப் பக்கத்திலே

ராஜபாளையத்து மில்லில் வேலை முடிந்து, ஐப்பசித் தூற்றலில் நனைந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்த ஞானரத்தினம், தலையில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டவில்லை. வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே அக்கா கிருபாபாயின் குரல்.

“அந்த ஊர்ல இது எலை உதிர்ற மாசம், மதினி. ‘ஹெர்ப்ஸ்ட்’னு அவுக பாசையில சொல்லுவாக. வெளியே தூத்தலும் குளிரும். யாரும் வாசலைத் தாண்ட மாட்டாக. ஆனா வீடு பூரா கதகதன்னு இருக்கும். சுவரோரம் ஆளுயரத்துக்கு ஓடு பதிச்ச கணப்படுப்பு. துரை, துரைசானி, பிள்ளைக, நான், எல்லாரும் அதைச் சுத்தி உக்காந்திருப்போம்.”

“உன்னையுமா உக்கார வச்சாக?”

“பின்னே? எனக்குன்னு மெத்தை வச்ச நாற்காலி. அடுப்புக்குள்ள ஆப்பிளை வச்சுச் சுடுவாக. வாசனை ஆளைத் தூக்கும். முதத் துண்டு எனக்குத்தான். மடியில கம்பளியைப் போட்டுக்கிட்டு, சன்னல் வழியா மழையைப் பாத்துக்கிட்டே தின்போம்.”

கேட்டுக்கொண்டிருந்தவள் அடுத்த வீட்டுப் பிச்சையம்மாள். அவள் மகள் அமிர்தவல்லி வருகிற வெள்ளிக்கிழமை கிளம்புகிறாள். வேறொரு துரைசானியின் குழந்தைக்கு ஆயாவாக, கிருபாபாய் அதே வேலைக்குப் போய் வந்த சுவிஸ் தேசத்துக்கு. பிச்சையம்மாள் சிரித்து இன்றுதான் பார்க்க முடிந்தது.

ஞானரத்தினத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிச்சையம்மாள் எழுந்து போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். போனதும் தூக்குச்சட்டியை நங்கென்று தரையில் வைத்தாள்.

“கோயிலுக்குப் போனா முன்னால போய் உக்காந்துக்கிடுதே. வீட்டுக்கு வந்தா வாயைத் திறந்தாலே பொய்யா?”

“மெதுவாப் பேசு, ஏட்டி.”

“எதுக்கு மெதுவா? நாலு வருசமா அடுப்பில்லாத பரண்ல படுத்துக் கிடந்தது யாரு? அவிய கணப்படுப்பைச் சுத்தி உக்காந்திருக்கையில, வெளிக் கொட்டகையிலேருந்து கரி சுமந்து போட்டது யாரு? குளிருல கருத்துப்போன ரெண்டு கால் விரலை அறுத்து எறிஞ்சாகளே! அதையும் கப்பல்ல விழுந்துட்டேன்னுதானே ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கே?”

கிருபாபாய் முறத்து உளுந்தில் கல் பொறுக்கினாள். தங்கைக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது.

“சீமைக்குப் போன பவிசு குறையக் கூடாது உனக்கு. அதுக்காக ஒரு புள்ளையைப் பிடிச்சு அதே குழியில தள்ளுவியா? நீயெல்லாம் மனுசிதானா?”

“ரத்தினம், செத்த நேரம் கேளு...”

“கேக்க மாட்டேன். இப்பவே போய் மதினிகிட்ட அம்புட்டையும் சொல்லிட்டு வாரேன்!”

வாசலுக்குப் பாய்ந்தவளின் கையை, நொண்டிக்கொண்டே ஓடிவந்து பிடித்தாள் கிருபாபாய்.

“அமிர்தத்துகிட்டச் சொல்லியாச்சு.”

“என்னது?”

“போன வாரமே சொல்லிட்டேன். கிணத்தடியில வச்சு என் காலைக் காட்டினேன். பரணு, கரி, பட்டினி, எதையும் மறைக்கலை. போகாதேன்னு கெஞ்சினேன். ‘கட்டினவன் அடுத்த தெருவுல இன்னொருத்தியை வச்சுக் குடும்பம் நடத்துதான். தண்ணிக்குப் போகையில எல்லாம் அவ என்னைப் பாத்துச் சிரிக்கா. அந்தக் குளிரு என்னை இப்படிச் சுடாது அத்தை’ங்கா. அவ போறது போறதுதான். என் கம்பளிச் சட்டையையும் காலுறையையும் குடுத்துட்டேன். கப்பல் ஏறு முன்னாலயே, அடுப்புள்ள அறை வேணும்னு துரைசானிகிட்டக் கேட்டு வச்சுக்கிடச் சொல்லியிருக்கேன்.”

“பொறவு, மதினிகிட்ட மட்டும் எதுக்கு இந்தப் புளுகு?”

“நான் போனதிலேருந்து நம்ம அம்மா ஒரு ராத்திரி கண்ணை மூடலைன்னு நீதானே சொன்னே? எம்புள்ள குளிருல கிடக்காளோன்னு புலம்பிப் புலம்பியே போய்ச் சேந்தாளுன்னு...” கிருபாபாய் பிடியை விடவில்லை. “ஆப்பிள் மட்டும் நெசம், ரத்தினம். ஒரு நாள் வீட்டுல எல்லாரும் வெளியே போயிருந்தாக. சமையக்காரி அவ பங்குல பாதியை எனக்குத் தந்தா. ரெண்டு பேரும் அடுப்புல முதுகைச் சாச்சு உக்காந்து தின்னோம். அம்புட்டு சொகமா இருந்துச்சு. அந்த ஒரு நாளைத்தான் நாலு வருசமாக்கிச் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

ஞானரத்தினம் கையை உதறிக்கொண்டாள். கோபம் தணியவில்லை. அக்காவை விட்டுவிட்டு அது அந்தத் துரைசானிமேல் போயிற்று, அமிர்தவல்லியின் புருஷன்மேல் போயிற்று, எங்கே போய் நிற்பதென்று தெரியாமல் கொதித்தது.

வாசலில் நிழலாடியது. பிச்சையம்மாள் திரும்பி வந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“ரத்தினம், உன் சத்தம் எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு. பரணுன்னே, கரின்னே. நீ ஒரு நாளும் பொய் பேச மாட்டே. நீ சொல்லு. உங்க அக்கா சொன்னதெல்லாம் நெசந்தானா?”

கிருபாபாய் மறுபடியும் முறத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“நெசமான்னா கேக்கீக?” ஞானரத்தினம் வீடு அதிரக் கத்தினாள். “இங்க நடக்கிற சண்டையே அதுக்குத்தான், மதினி! நாலு வருசம் மெத்தையில உக்காந்து ஆப்பிள் தின்னுட்டு வந்தவ, இங்க பரண்லேருந்து ஒரு கூடை கரி எடுத்துத் தரமாட்டேங்கா!”