ஏழாவது கேள்வி

காப்பக ஆய்வுக்காக இருபத்து மூன்று பிள்ளைகளைத் தனித்தனியே சந்தித்தேன். ‘பயம் வந்தால் யாரிடம் போவாய்?’ என்ற ஏழாவது கேள்விக்கு எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள்: அல்லி. சமையலம்மாவாக இருக்கும் என்று நினைத்துக் காப்பாளரிடம் கேட்டேன்.

“அவளா மேடம்? ஆறு வயசுப் புள்ள அது. வந்ததுலேர்ந்து வாயே தொறக்கல. அதான் உங்க லிஸ்ட்ல சேக்கல.”

மொட்டைமாடியில், காயும் சீருடைகளுக்கு நடுவே ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். படிவத்தோடு போய் நின்ற என்னை நெடுநேரம் பார்த்தாள். நான் படிவத்தை மடித்தேன். அவள் மெல்ல நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

உட்கார்ந்தேன். முப்பது வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லத் தொடங்கினேன்.