சனிக்கிழமைக்காரன்

“அப்பா, ஒங்களுக்கு மட்டும் ஏன் அப்பம் தர மாட்டேங்காங்க?”

மகள் எப்சிபா ஆறு வயதில் கேட்டது. மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை. திருவிருந்துக்கு எல்லோரும் வரிசையாக எழுந்து பீடத்தண்டை போனார்கள். அவர் மட்டும் பெஞ்சில் இருந்தார்.

 தரைக்கு எட்டாமல் ஆடிக்கொண்டிருந்த அவள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவளுக்கு இருபது. அவர் இன்னும் பெஞ்சில்தான்.

சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால், முதலில் போய் அவனோடு ஒப்புரவாகிவிட்டு வா. அதுதான் வேதத்தின் கட்டளை. அதில் கூட்டவும் குறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை.

போதகரே ஒருமுறை கூப்பிட்டுச் சொன்னார். “நீங்க மன்னிப்பு கேட்டாச்சுல்லா. மன்னிக்காதது ஒங்க அண்ணன் பாடு. நீங்க வாங்க.”

தலையை ஆட்டினார். போகவில்லை.

அம்மா இறந்த அன்று, பெட்டியை மூடிவிடாதீர்கள், வந்துகொண்டே இருக்கிறேன் என்று அண்ணன் பம்பாயிலிருந்து போனில் சொல்லியிருந்தார்.

ரயில் தாமதம். உடம்பு தாங்காது என்றார்கள். போதகருக்கு வேறோர் ஊரில் இன்னோர் அடக்கம் இருந்தது. எல்லோரும் தம்பி முகத்தைப் பார்த்தார்கள்.

“மூடிருவோம்” என்றார்.

அண்ணன் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடி வந்தபோது மண் மேடாகியிருந்தது.

அந்த வருடமே அண்ணன் ஊரோடு வந்து, அடுத்த தெருவில் குடியேறினார். தம்பியோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒவ்வொரு திருவிருந்துக்கும் முந்தின சனிக்கிழமை அவர் அண்ணன் வாசலில் போய் நிற்பார். என்னை மன்னித்துவிடு என்பார். முதல் வருடம் உள்ளேயிருந்து வசவு வந்தது. அப்புறம் கேலி.

“சனிக்கிழமைக்காரன் வந்துட்டான். அந்தக் கதவச் சாத்து.”

அப்புறம் சாத்திய கதவு மட்டும்.

மழையிலும் போனார். காய்ச்சலிலும் போனார்.

இந்தச் சனிக்கிழமை கதவு திறந்திருந்தது.

மதினி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக அண்ணனுக்கு வலது பக்கம் அசைவில்லை. பேச்சும் இல்லை.

“கொஞ்ச நேரம் பக்கத்துல இருங்க தம்பி. மருந்துக் கடைக்குப் போயிட்டு ஓடி வந்துருதேன்.”

உள்ளே போனார்.

அண்ணன் அவரைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அது மட்டும் முடிந்தது.

வழக்கமான வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

இத்தனை வருடமும் மன்னிப்பை வாங்கிப்போகத்தான் வந்திருக்கிறோம். கொடுக்க எதையும் கொண்டுவந்ததில்லை.

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அம்மாவுக்கு அந்த வெள்ளச் சேலதான் கெட்டியிருந்தோம்ணே. நீ எடுத்துக் குடுத்தது.”

அண்ணனின் பிடரியைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

“தலைய நடு வகிடு எடுத்துச் சீவியிருந்தாங்க. மூக்குல கண்ணாடி பதிஞ்ச தடம் அப்பிடியே இருந்துச்சு. நெத்தியில, நீ பம்பரம் விட்டு ஒடச்சியே, அந்தத் தழும்பு. மொகமெல்லாம் வெளுத்துப்போயி, அது மட்டும் கறுப்பாத் தெரிஞ்சுது.”

அடுத்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆண்டவரிடம்கூட மெல்லத்தான் சொல்லியிருந்தார்.

“கண்ணு முழுசா மூடல. ரெண்டு தடவ தடவி விட்டேன். நிக்கல. வாசப் பக்கமே பாத்துக்கிட்டுக் கெடந்தாங்க.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஒனக்குத்தான் காத்துக் கெடக்காங்கன்னு தெரியும்ணே. பக்கத்துல இருந்து பீ மூத்திரம் அள்ளினது நான். காத்துக் கெடந்தது ஒனக்கு. அந்தக் கோவத்துலதான் பெட்டிய மூடச் சொன்னேன்.”

தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று.

அண்ணன் திரும்பவில்லை.

இடது கை மட்டும் போர்வைக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்தது. கட்டில் சட்டத்தைத் தட்டியது. நின்றது. மறுபடியும் தட்டியது.

அவருக்குச் சற்று நேரம் புரியவில்லை.

பிறகு முக்காலியைக் கட்டிலோடு சேர்த்துப் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, வகிட்டிலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினார்.