மைனாவுக்குக் குறைந்த ஒரு துண்டு

இரண்டு நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்ததும், வேப்பமரத்தடியில் ஒரு கடலை மிட்டாய்ப் பொட்டலம் கிடப்பதை அணில் பார்த்தது. உள்ளே எல்லாம் ஒரே அளவுத் துண்டுகள். பட்டினியாகக் கிடந்த மைனாவையும் காகத்தையும் அது கூவி அழைத்தது.

“ஓடி வாங்க! ஆளுக்கு மூணில் ஒரு பங்கு!”

அவை வருவதற்குள் அணில் பசி தாங்காமல் தன் பங்கைத் தின்றுவிட்டு மரமேறிவிட்டது.

அடுத்து வந்த மைனா, அங்கே இருந்ததில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றது. கடைசியில் வந்த காகத்துக்கு நான்கு துண்டுகள் மிஞ்சின.

“எனக்கு ரெண்டுதானே கிடைச்சது! உனக்கு மட்டும் எப்படி நாலு?” என்று மைனா கத்தியது.

அணில் இறங்கி வந்தது. “நான் மூணுதான் தின்னேன். சரியா மூணில் ஒரு பங்கு.”

“நானும் மூணில் ஒரு பங்குதான் எடுத்தேன். அப்போ யாரு பொய் சொல்றது?”

காகம் மிட்டாயில் வாய் வைக்காமல் யோசித்தது. திடீரென்று துள்ளிக் குதித்தது.

“யாரும் பொய் சொல்லலை! மொத்தம் ஒன்பது. அணில் தின்னதும் மீதி ஆறு. மைனா, நீ அந்த ஆறையே முழுசுன்னு நினைச்சுட்டே! நீ எடுக்க வேண்டியது அதுல பாதி!”

குதித்தபடியே ஒரு துண்டை மைனாவின் பக்கம் தள்ளியது.

“பேசாம இருந்திருந்தா நாலும் உனக்குத்தானே?” என்றது அணில்.

காகத்தின் காதில் அது விழவே இல்லை.

“கிளியும் வந்திருந்தா எப்படிப் பிரிக்கிறது? சொல்லுங்க, சொல்லுங்க!”